மாருத் விமானத்தில் கை வைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

பெங்களூரு போனால் கஸ்தூரிபா சாலையில் விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்தின் மாருத்தைப் பார்க்காமல் வரமாட்டேன். இந்தமுறை பக்கத்தில் நின்ற ஒருவரிடம், இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டிய முதல் போர் ஜெட் இதுதான் என்றேன். "அப்ப தேஜஸ்?" என்றார், பல வருஷம் பின்னால் வந்த ஜெட்டைச் சொல்லி. என்னத்தைச் சொல்ல!

ஜெர்மனியின் ஃபோக்கே-வுல்ஃப் 190 விமானத்தை உருவாக்கிய குர்ட் டாங்க், பெங்களூரில் இருக்கும் அரசு விமானத் தொழிற்சாலையான ஹெச்.ஏ.எல்லுக்கு வந்து வரைந்தது இது. 1961 ஜூன் 17 அன்று முதன்முதலில் பறந்தது. பக்கவாட்டில் நின்று பாருங்கள், இடுப்பு ஒடுங்கியிருக்கும். ஒலிவேகத்தை நெருங்கும்போது காற்றின் எதிர்ப்பைக் குறைக்க அப்படி வரைந்தார்கள். மாக் 2, அதாவது ஒலியைப்போல் இரண்டு மடங்கு வேகத்தை மனதில் வைத்துத் தொடங்கியது, ஆனால் கிடைத்தவை இரண்டு ஆர்ஃபியஸ் 703 எஞ்சின்கள்தான். சக்தி போதாமல் மாக் 1ஐயே தாண்டத் திணறியது. 147 கட்டினார்கள், ஒன்றுகூட இன்று பறக்கவில்லை. ஒன்றையாவது மறுபடி பறக்கவைக்க முடியாதா? வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

* * *

தம்பி, நான் விமானப்படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக, அதாவது விமானத்தின் உடற்கூட்டைப் பழுதுபார்ப்பவனாக இருந்தவன். ஜோத்பூரில் மாருத்தோடு மாரடித்திருக்கிறேன். எஞ்சின் சக்தி பற்றி எல்லாரும் குறை சொல்வார்கள், சரிதான். ஆனால் தாழ்வாகப் பறக்கும்போது ஆடாமல் அசையாமல் போகும் என்று பைலட்டுகள் புகழ்வதைக் காதால் கேட்டவன் நான். 71 பாகிஸ்தான் போரில் ராஜஸ்தானின் லோங்கேவாலாப் பக்கம் டாங்கிகளை அடித்ததில் ஹன்டர் போர் விமானங்களோடு இதற்கும் பங்கு உண்டு. நான்கு 30 மி.மீ. ஏடன் பீரங்கிகளும் சேர்ந்து சுட்டால் அதிர்வுதான் தாங்காது.

ஓய்வுபெற்ற பிறகு ஒரு ஊர்ப் பூங்காவில் ஒரு மாருத்தைப் பார்த்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். தூரத்திலிருந்து பளபளவென்று இருந்தது. கிட்டே போய் இறக்கையின் அடியில் ஒரு பேனலைக் கட்டைவிரலால் அழுத்தினேன், அப்பளம் மாதிரி உள்ளே போனது. விரலெல்லாம் வெள்ளைப் பொடி. மழைத் தண்ணீர் வடிய வயிற்றுப் பக்கம் சின்னச் சின்னத் துளைகள் உண்டு. சுதந்திர தினம் வந்தால் மேலேயே வெள்ளிப் பெயின்ட் அடிக்கிறார்கள், துளையெல்லாம் அடைந்துவிட்டது. தண்ணீர் உள்ளேயே தங்குகிறது. அலுமினியமும் எஃகு போல்ட்டும் ஈரத்தில் ஒட்டிக்கிடந்தால் அலுமினியம்தான் முதலில் அரித்துப்போகும். காற்று உள்வாங்கியில் புறாக்கூடு வேறு. இதைப் பராமரிப்பு என்று கணக்கு எழுதுகிறார்கள்!

பறக்கவைக்கும் பேச்சே வேண்டாம் தம்பி. இறக்கையைத் தாங்கும் ஸ்பாரில் விரிசல் இல்லை என்று யார் கையெழுத்துப் போடுவார்?

* * *

ஐயா சொன்ன கையெழுத்துதான் விஷயம். நான் இங்கிலாந்தில் எசெக்ஸ் பக்கம் இருக்கிறேன். இங்கே நார்த் வீல்டில் 'நாட்' என்ற பழைய சிறிய பிரிட்டிஷ் ஜெட் பறப்பதைப் பார்த்திருக்கிறேன். அதுவும் ஆர்ஃபியஸ் எஞ்சின்தான். ஆக, எஞ்சின் இல்லாத குறை அல்ல. பிரிட்டிஷ் விமானப்படை 1979இல் 'நாட்' விமானங்களைக் கைவிட்டதும் பலவற்றைப் பயிற்சிப் பள்ளிகளுக்குக் கொடுத்தது. மாணவர்கள் கழற்றி மாட்டிப் பழகினார்கள். பிறகு தனியார் வாங்கியபோது ஓட்டை உடைசலாக இல்லை, கையேடும் கூடவே வந்தது. நம் ஊரில் நேராகத் தூணில் ஏற்றிவிட்டோம்.

ஆனால் இங்கேயும் எல்லாம் சுபம் இல்லை. வல்கன் எக்ஸ்.ஹெச். 558 குண்டுவீச்சு விமானத்தை மக்கள் நன்கொடையும் லாட்டரி நிதியும் போட்டு 2007இல் மறுபடி பறக்கவைத்தார்கள். தலைக்குமேல் அது போனபோது நெஞ்சுக்கூடே அதிர்ந்தது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. 2015 அக்டோபரில் நின்றது. பாதுகாப்புக்குப் பொறுப்பேற்றிருந்த தொழில்நுட்ப நிறுவனங்கள் விலகிக்கொண்டன, அந்த விமானத்தை அறிந்தவர்களும் ஓய்வுபெற்றுக்கொண்டிருந்தார்கள். அதே வருஷம் ஆகஸ்டில் ஷோர்ஹாம் கண்காட்சியில் பழைய ஹன்டர் ஒன்று சாலையில் விழுந்து 11 பேர் இறந்தார்கள். அதன்பின் பழைய ஜெட்டுகள் நிலத்தின்மேல் சாகசம் காட்டத் தடை வந்தது. தப்பில்லை என்பேன், செத்தவர்களில் பலர் ரோட்டில் போய்க்கொண்டிருந்தவர்கள்.

* * *

சரி ஐயா, பறக்க வேண்டாம். பூங்காவில் நிற்பதையாவது காப்பாற்ற முடியுமா? நகராட்சியில் மனு கொடுக்கலாமா?

* * *

கொடு தம்பி. ஆனால் "விமானத்தைச் சீரமைக்க வேண்டும்" என்று பொத்தாம்பொதுவாக எழுதாதே, மறுபடி பெயின்ட் டப்பாவோடுதான் வருவார்கள். முதலில் தகரக் கூரை கேள், அடுத்தது அடைபட்ட துளைகளைத் திறப்பது. பாரம் டயர்மேல் நிற்காமல் அடியில் ஸ்டாண்ட் வைக்கச் சொல். காக்பிட்டில் பைலட்டை வெளியே தூக்கி எறியும் சீட் இருந்தால், அதன் வெடிமருந்துக் கேட்ரிட்ஜை எடுத்தாயிற்றா என்று விமானப்படை ஆள் வந்து பார்க்காமல் யாரும் உள்ளே கால் வைக்கக்கூடாது. இதைச் சிவப்பு மையில் எழுது. மனு நகலை எனக்கும் அனுப்பு, நானும் கையெழுத்துப் போடுகிறேன்.