மீற்றரில் பிழையா, மோல்ட்டிலா?

வணக்கம். வீட்டுப் பியருக்கு 4 கிலோ பேல் மோல்ட் (முளைகட்டி உலர்த்திய வெளிர் பார்லி), 12 லீற்றர் குழாய்த் தண்ணீர், 4 கிறாம் ஜிப்சம். 66 பாகையில் 15 நிமிடம் ஊறியதும் ஒரு கரண்டி எடுத்து, பீங்கான் கோப்பையில் 25 பாகைக்கு ஆறவிட்டு அளந்தால் பிஎச் 5.75. வேண்டியது 5.4.

ஆனால் பிஎச் மீற்றரில்தான் சந்தேகம். 7.00 பஃபரில் (பிஎச் தெரிந்த சோதனைக் கரைசல்) சரியாக நிற்கிறது, 4.01இல் 4.30 காட்டுகிறது, அதுவும் ஆமை வேகத்தில். அப்படியென்றால் உண்மை அளவு கிட்டத்தட்ட 5.6. 5.4க்கு இறக்க 88 வீத லக்ரிக் அமிலம் 5 மில்லிக்குப் பதிலாக 3 மில்லி போதும். மிஞ்சினால் புளிப்புத்தான்!

மீற்றர் நுனி காய்ந்துவிட்டதா, பஃபர் பழசா, எப்படிப் பிரித்தறிவது? 3 மோலர் பொட்டாசியம் குளோரைட்டில் ஓர் இரவு ஊறவிட்டால் மீளுமா? அந்தக் கரைசலும் புதுப் பஃபர் பொடியும் கொழும்பு புறக்கோட்டைப் பக்கம் எங்கே வாங்கலாம்?