சூடேறியதும் நின்றுவிடும் எஞ்சின்: காயிலை மாற்றும் முன் எதைச் சோதிப்பது?

கேள்வி

வணக்கம். என்னுடையது நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார்; ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்கின் மேலும் தனித்தனிக் காயில் (ஸ்பார்க்குக்கான உயர் வோல்ட் மின்சாரம் தரும் சுருள்) பொருத்தப்பட்ட வகை. காலையில் சாவியைத் திருப்பியவுடன் ஸ்டார்ட் ஆகிறது. நன்றாக ஓடிச் சூடேறிய பிறகோ, திணறலும் குலுக்கலும் இல்லாமல், சாவியை அணைத்தாற்போல எஞ்சின் திடீரென்று நின்றுவிடுகிறது. மறுபடி முயன்றால் ஸ்டார்ட்டர் மோட்டார் நல்ல வேகத்தில் சுற்றுகிறது, ஆனால் எஞ்சின் பிடிப்பதில்லை. அரைமணி நேரம் ஆறவிட்டால் தானாகச் சரியாகிவிடுகிறது. நான்கு காயில்களையும் மாற்றிவிடும்படி ஒரு மெக்கானிக் சொல்கிறார். என்னிடம் மல்டிமீட்டர் இருக்கிறது. பணத்தைச் செலவழிப்பதற்கு முன் நானே எவற்றைச் சோதிக்கலாம்?

பதில் 1

நான்கு காயில்களும் ஒரே நொடியில் பழுதாகி, அரைமணி நேரத்தில் ஒன்றாகத் தேறிவிடும் என்பதை நம்புவது கடினம். ஒரு காயில் போனால் அந்த ஒரு சிலிண்டர் மட்டும் வேலை செய்யாது; எஞ்சின் குலுங்கும், இழுவை குறையும், செக் எஞ்சின் விளக்கு மின்னும், ஆனால் மற்ற மூன்றும் வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் சொல்வது அப்படி இல்லை. எல்லாச் சிலிண்டர்களுக்கும் பொதுவான ஏதோ ஒன்றுதான் அறுபடுகிறது: கிராங்க் சென்சார் (எஞ்சின் தண்டு சுழல்வதை உணர்ந்து சிக்னல் தருவது), மெயின் ரிலே (எஞ்சின் மின்சுற்றுக்கு மின்சாரம் தரும் சுவிட்ச்), இக்னிஷன் சுவிட்ச் அல்லது பெட்ரோல் பம்ப்.

என் சந்தேகம் முதலில் கிராங்க் சென்சார் மீதுதான். காந்தத்தைச் சுற்றி மெல்லிய கம்பி சுற்றப்பட்ட வகையாக இருந்தால், சூட்டில் விரியும்போது அந்தக் கம்பியில் உள்ள முறிவு விலகிக்கொள்ளும், ஆறியதும் மீண்டும் தொட்டுக்கொள்ளும். சிக்னல் வராவிட்டால், பிஸ்டன் எங்கே இருக்கிறது என்பது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவுக்குத் தெரியாது. ஆகவே ஸ்பார்க்கையும் அது தராது, பெட்ரோலையும் பீய்ச்சாது. அடுத்த முறை நின்றதும் ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டு ஆர்பிஎம் முள்ளைக் கவனியுங்கள். பல கார்களில் அப்போது முள் சற்றேனும் எழும்பும். எப்போதும் எழும்புகிற முள் அன்று மட்டும் பூச்சியத்திலேயே கிடந்தால் அது நல்ல தடயம்.

பதில் 2

மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெட்ரோல் பக்கத்தையும் பார்க்காமல் முடிவுக்கு வர வேண்டாம். சாவியை ஆன் நிலையில் வைத்தால் பல கார்களில் பின் இருக்கைக்கு அடியிலிருந்து இரண்டு விநாடி ரீங்காரம் கேட்கும். அது பம்ப் இயங்கும் ஓசை. ஓசை கேட்டால் மட்டும் அழுத்தம் சரியாக இருக்கிறது என்று பொருளில்லை.

ஸ்பார்க் இருக்கிறதா என்பதை வண்டி சூடாக இருக்கும்போதே பார்க்க வேண்டும். ஆறிய பிறகு பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். அதற்காகச் சூடான அலுமினிய ஹெட்டிலிருந்து பிளக்கைக் கழற்றாதீர்கள், மரை உரிந்துவிடும். ஒரு காயிலை மட்டும் வெளியே எடுத்து, அதில் ஸ்பார்க் டெஸ்டரைச் செருகி, அதன் கிளிப்பை எஞ்சினின் வெற்று உலோகத்தில் மாட்டுங்கள். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களின் இணைப்புகளை முதலில் பிடுங்கிவிடுங்கள், இல்லையேல் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைக் கெடுக்கும். பிளக்கைக் கையில் பிடித்துப் பார்க்கும் பழைய வழக்கம் அறவே வேண்டாம். காயில் தருவது பல்லாயிரம் வோல்ட். காயிலை எதிலும் மாட்டாமல் தொங்கவிட்டுச் சுற்றுவதும் தவறு, அதன் உள் இன்சுலேஷன் ஓட்டையாகிவிடும்.

பதில் 3

இன்னொன்றையும் பாருங்கள். எஞ்சின் நிற்கும் அதே கணத்தில் டேஷ்போர்டு முழுவதும் இருண்டுபோனால், அது சென்சார் அல்ல. இக்னிஷன் சுவிட்சோ பேட்டரி முனையோதான். விளக்குகள் எரிந்துகொண்டே இருந்தால் சென்சாருக்கு வாருங்கள். சென்சார் இரண்டு கம்பி வகையா, மூன்று கம்பி வகையா என்று பார்ப்பது முக்கியம். இரண்டு கம்பி என்றால் பெரும்பாலும் காந்த வகை. ஓம் அளவைக் குளிரிலும் சூட்டிலும் எடுத்து, சர்வீஸ் மேனுவலில் உள்ள எண்ணோடு ஒப்பிடலாம். மூன்று கம்பி என்றால் பெரும்பாலும் ஹால் வகை (உள்ளே மின்னணுச் சுற்று உள்ளது). அதில் ஓம் அளந்து பயனில்லை.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. இன்று மீண்டும் நின்றது. விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன, பம்ப் ஓசை கேட்டது, டெஸ்டரில் ஸ்பார்க் இல்லை, வழக்கமாகச் சற்று எழும்பும் முள் பூச்சியத்திலேயே கிடந்தது. ஸ்கேனரில் பி0335 (கிராங்க் சென்சார் சுற்றுக்கான பழுதுக் குறியீடு) பதிவாகியிருக்கிறது. இரண்டு கம்பி வகைதான். சூடாக இருந்தபோது மீட்டர் ஓஎல் (சுற்று அறுந்திருக்கிறது என்பதற்கான குறி) காட்டியது, ஆறியதும் ரீடிங் வந்துவிட்டது. புதிய சென்சாரைப் பொருத்தும்போது அதன் முனைக்கும் சுழலும் பல்சக்கரத்துக்கும் நடுவே இடைவெளி ஏதும் அளந்து வைக்க வேண்டுமா?

பதில் 1

பெரும்பாலான கார்களில் தேவையில்லை. ஒரே போல்ட்டில் அதன் இடத்தில் சரியாக உட்கார்ந்துவிடும். உட்காரும் பரப்பில் துருவோ அழுக்கோ இருந்தால் இடைவெளி மாறிவிடும் என்பதால் அதைச் சுத்தமாகத் துடையுங்கள். ஓ-ரிங்கில் சிறிது எஞ்சின் ஆயில் தடவுங்கள். வயரை எக்ஸாஸ்ட் பக்கம் உரசாமல், பழைய கிளிப்புகளிலேயே மாட்டுங்கள். சில மாடல்களில் ஸ்கேனர் மூலம் ரீலேர்ன் (புதிய சென்சாரை ஈசியூவுக்குப் பழக்குவது) செய்ய வேண்டியிருக்கும். உங்களுடையதற்கு வேண்டுமா என்பதை மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள்.