உதவி: மொரிஸ் மைனர் முன்பக்கம் தூக்கி நிற்கிறது, டொக் சத்தம் – அவசரம்

ஹட்டன்_குமார்
வணக்கம். முன் சஸ்பென்ஷன் முழுக்கக் கழற்றிப் புதுச் சாமான் போட்டாச்சு. இப்போ கார் முன்னால் தூக்கிக்கொண்டு நிற்கிறது, இடது பக்கம் கூடுதலாக. பள்ளத்தில் இறங்கினால் டொக் என்று ஒரு அடி. வளைவு முடிந்தும் ஸ்டியரிங் தானாக நேருக்கு வருவதில்லை. ஞாயிறு தங்கச்சி கல்யாணம், பொண்ணு கார் இதுதான். நுவரெலியா வரை போக வேண்டும். அப்பா வைத்திருந்த கார், வேறு வாகனம் பிடிக்க மனமில்லை. தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

கண்டி_சிவா
டயரைப் பார்த்தீர்களா? முன்னால் காற்று குறைந்தாலே ஸ்டியரிங் திரும்பி வராது. பழைய நூல் டயரா, ரேடியலா?

பண்டாரவளை_ராஜா
எந்த வருஷத்துக் கார்? என்னென்ன சாமான் மாற்றினீர்கள்? டோர்ஷன் பார் கம்பியை இழுக்கும் முன் அதன் நுனிப் பல்லில் அடையாளம் போட்டீர்களா? ரப்பர் புஷ் நட்டுகளை இறுக்கும்போது கார் தரையில் நின்றதா, ஸ்டாண்டிலா? இவ்வளவும் தெரியாமல் ஒன்றும் சொல்ல முடியாது.

பழைய_இரும்பு
"போட்டாச்சு" என்று எழுதினால் யாருக்கு என்ன விளங்கும்? இதையெல்லாம் இங்கே எத்தனையோ முறை எழுதிவிட்டேன், தேடிப் படிக்கத்தான் ஆளில்லை. மைனருக்கு முன்னால் சுருள் ஸ்பிரிங் கிடையாது தம்பி. 1948இல் வெளிவந்த நாளிலிருந்து கடைசி வரை டோர்ஷன் பார்தான். சக்கரத்தைப் பிடிக்கும் கீழ்க்கையிலிருந்து பின்னால் போகும் நீளக் கம்பி முறுகித்தான் காரைத் தாங்குகிறது. இடது கம்பியை வலதில் போட்டிருப்பீர்கள். ஒரு பக்கம் முறுகிப் பழகிய கம்பியை மறுபக்கம் போடவே கூடாது. வேலையைத் தொடுமுன் புத்தகத்தைத் திறந்து பார்க்கும் பழக்கம் வேண்டும்.

தலவாக்கலை_ரவி
அந்தக் கை வைத்த பழைய ஷொக் அப்சோர்பரைத் தூக்கி எறிந்துவிட்டு ட்யூப் ஷொக் போடுங்கள். சத்தமும் போகும், ஆட்டமும் போகும்.

பண்டாரவளை_ராஜா
ரவி, மைனரில் அந்த ஷொக்கின் கைதான் சக்கரத்தைப் பிடிக்கும் மேல்கை. அதைக் கழற்றினால் சக்கரம் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? ட்யூப் ஷொக் போட்டவர்கள்கூட இதை அப்படியே வைத்துவிட்டுத்தான் கூடுதலாகப் போடுகிறார்கள்.

ஹட்டன்_குமார்
1959, 948 சீசி. மாற்றியது: இரண்டு பக்கமும் கிங் பின் (சக்கரம் திரும்பும் அச்சு), மேல் கீழ் ட்ரனியன் (அந்த அச்சைக் கைகளோடு சேர்க்கும் மரைத் துண்டு), கீழ்க்கை ஐபோல்ட்டின் ரப்பர் புஷ், கீழ்க்கையை முன்பின் அசையாமல் பிடிக்கும் டைபாரின் ரப்பர். எல்லாம் கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கியது. ஷொக் பழையதுதான். கம்பி மாறவில்லை, வெள்ளைப் பெயின்ட் அடையாளம் இருக்கிறது, பல்லும் அதே இடம். டயர் ரேடியல், காற்று சரி. நட்டு எல்லாம் ஸ்டாண்டில் வைத்தேதான் இறுக்கினோம், பக்கத்து கராஜ் பாஸும் கூட இருந்தார்.

பண்டாரவளை_ராஜா
அப்படியானால் தூக்கி நிற்பதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. ஸ்டாண்டில் இருக்கும்போது சக்கரம் கீழே தொங்குகிறது. அந்த நிலையில் ஐபோல்ட் நட்டை இறுக்கினால் ரப்பர் அங்கேயே பிடித்துக்கொள்ளும். காரை இறக்கியதும் ரப்பர் முறுகி, கையைத் திரும்பவும் கீழே தள்ளப் பார்க்கும். கார் உயர்ந்து நிற்கும், புதுப் புஷ்ஷும் சீக்கிரம் கிழிந்துவிடும். கீழ்க்கை, மேல் ட்ரனியன், டைபார் எல்லா ரப்பர் நட்டையும் தளர்த்துங்கள். காரைத் தரையில் விட்டு முன்னும் பின்னும் உருட்டுங்கள். பொனட் பக்கம் நாலு தரம் நன்றாக அழுத்தி விடுங்கள். பாரம் சக்கரத்தில் இருக்கும்போதே இறுக்குங்கள். டோர்ஷன் பார் பல்லைத் தொடாதீர்கள், ஒரு பல் தள்ளினாலே உயரம் வெகுவாக மாறும்.

ஸ்டியரிங்குக்கு: இரண்டு சக்கரத்தையும் தூக்கி, ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டைரொட் நுனியைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு பக்கத்தையும் கையால் திருப்பிப் பாருங்கள். விரல் பலத்தில் கடைசி வரை போக வேண்டும். கிங் பின்னின் மரையில் ட்ரனியனை அடி வரை முறுக்கி அப்படியே விட்டால் ஒரு பக்கம் போய் இறுகும். அடி வரை முறுக்கியபின் கொஞ்சம் திருப்பி எடுக்க வேண்டும்.

கண்டி_சிவா
டோ-இன் (முன் சக்கரங்கள் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பி நிற்கும் அளவு) பார்த்தீர்களா? இந்தக் காருக்கு 3/32 அங்குலம், அதாவது 2.4 மில்லிமீட்டர். உயரம் மாறினால் அதுவும் மாறும். ஆகவே உயரத்தைச் சரிசெய்த பிறகுதான் அலைன்மன்டுக்குப் போக வேண்டும்.

தலவாக்கலை_ரவி
கிறீஸ் அடித்திருப்பீர்கள், அதுதான் இறுக்கம். ட்ரனியனுக்குக் கிறீஸ் ஆகாது, 90 கியர் ஓயில்தான். எங்கள் மாமா அப்படித்தான் செய்வார்.

பழைய_இரும்பு
உங்கள் மாமா ஓட்டியது ட்ரையம்ப் ஹெரால்ட். அதன் கீழ் ட்ரனியனுக்குத்தான் 90 ஓயில். மைனருக்குக் கிறீஸ். இரண்டையும் குழப்பி ஊருக்குச் சொல்லாதீர்கள்.

தலவாக்கலை_ரவி
மரை மரைதானே? இந்த மழையில் கிறீஸ் காய்ந்து கட்டியாகி நிப்பிளையே அடைத்துவிடுகிறது. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

நானுஓயா_செல்வம்
கட்டியானால் அது அடிக்காமல் விட்டதால். சக்கரத்தை ஜெக்கில் தூக்கி, பாரம் இல்லாமல் அடித்தால் மரை முழுக்க இறங்கும். பழைய கறுப்புக் கிறீஸ் வெளியே வந்து புதுசு தெரியும்வரை அடிக்க வேண்டும். எங்கள் பக்கம் மழைக்காலத்தில் ரோட்டுச் சேறு முழுக்க அதில்தான் போய் ஒட்டும். ஓயிலோ கிறீஸோ, அடிக்காமல் விட்டவன் காரில்தான் மரை தேய்ந்து ட்ரனியன் கழன்று சக்கரம் மடங்குகிறது. ஒருமுறை மெதுவாகத் திரும்பும்போது மடங்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முன் விங் சப்பையாகி கார் ரோட்டில் குந்திவிட்டது. இறக்கத்தில் நடந்திருந்தால் நினைக்கவே முடியாது.

பழைய_இரும்பு
செல்வம் சொல்வது சரி. ஆனாலும் கிறீஸ்தான்.

பண்டாரவளை_ராஜா
கிறீஸ் சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். குமார், டொக் சத்தத்துக்கு ஷொக்கைப் பாருங்கள். கீழ்க்கைக்கு அடியில் ஜெக் கொடுத்து, டயரை மேலே பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டுங்கள். ஒருவர் ஷொக்கில் கை வைத்துப் பார்க்கட்டும். ஷொக் உடம்பே அசைந்தால் போல்ட் தளர்வு. கை மட்டும் அச்சில் ஆடினால் ஷொக் முடிந்தது.

ஹட்டன்_குமார்
ராஜா அண்ணே, கோடி நன்றி. தளர்த்தி, தரையில் வைத்து இறுக்கினோம், இரண்டு பக்கமும் ஒரே உயரம். இடது கீழ் ட்ரனியன் அடி வரை போயிருந்தது, திருப்பி எடுத்ததும் ஸ்டியரிங் இலேசாகிவிட்டது. சத்தம் ஷொக் போல்டில்தான். ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கிறது, இறுகவில்லை. மற்றவை இறுக்கம். ஞாயிறு ஓட்டலாம் என்று பாஸ் சொல்கிறார்.

பண்டாரவளை_ராஜா
வேண்டாம் தம்பி. அந்த ஷொக்தான் மேல்கை என்று மேலே எழுதினேன். ஒரு போல்ட் பிடிக்காவிட்டால் அதன் பாரம் மற்றவற்றில் விழும். தலவாக்கலை தாண்டி நானுஓயா ஏற்றம் முழுக்க வளைவு, உள்ளே பொண்ணு. மரை போனது போல்டிலா, கார் உடம்பிலா? போல்ட் என்றால் புதுசு போதும். உடம்பு என்றால் புது மரை வெட்டாமல் காரை எடுக்காதீர்கள்.

நானுஓயா_செல்வம்
குமார், எது என்று பார்த்தீர்களா? மரை வெட்டும் டாப் என்னிடம் இருக்கிறது, சனி காலை ஹட்டனுக்கு வருகிறேன். சைஸ் மட்டும் சொல்லுங்கள்.

கண்டி_சிவா
குமார்?