பயந்தவரெல்லாம் கோழையா?

நிழல்மரம் (கேள்வி):
கோழைக்கும் வீரருக்கும் பயம் ஒரே மாதிரிதான் வருகிறது: படபடப்பு, வறண்ட வாய், நடுங்கும் கை. அப்புறம் வித்தியாசம் எங்கே? கோழைத்தனத்தையும் முன்ஜாக்கிரதையையும் எப்படிப் பிரித்தறிவது?

கூழாங்கல்:
வீரத்துக்கு நேர் எதிர் கோழைத்தனம் என்று வைத்தால் கணக்கு உதைக்கும். அரிஸ்டாட்டில் வீரத்தை நடுவில் வைத்தார். ஒரு பக்கம் கோழைத்தனம், மறுபக்கம் அசட்டுத் துணிச்சல். அசட்டுத் துணிச்சல்காரர் ஆபத்து வருமுன் துள்ளுவார், வந்ததும் நழுவுவார் என்றும் சொன்னார். கோழைத்தனம் பல நேரம் இந்த வேஷத்தில்தான் திரியும். குறள் 428 இன்னும் சுருக்கம்: 'அஞ்சுவ தஞ்சாமை பேதைமை', அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாதது மடமை.

அதனால் பயத்தை அளக்காதீர்கள். என்ன இழப்பு, அதற்கு ஈடான பயன் உண்டா, இது என் பொறுப்பா என்று கேளுங்கள். நீச்சல் தெரியாதவர் வெள்ளத்தில் குதிக்காமல் கயிறு தேடுவது விவேகம். கயிறு கையில் இருந்தும் 'வேறு யாராவது வருவார்கள்' என்று நின்றால்தான் கோழைத்தனம்.

அரைவட்டம்:
மூன்றாவது கேள்வியில்தான் ஏமாற்று வேலை நடக்கும். 'எனக்கென்ன பொறுப்பு' என்ற நியாயம் பயத்துக்கு முன்பே இருந்ததா, பின்னால் முளைத்ததா என்று பாருங்கள்.

விலகியதும் நெஞ்சு லேசாகிறது அல்லவா, அந்த நிம்மதிதான் கூலி. கூலி கிடைத்த வேலையை மூளை மறுபடி செய்யும், அடுத்த முறை இன்னும் சீக்கிரமாக. இதைத் திருப்ப, பயப்படும் காரியங்களுக்கு, பயத்தின் அளவுப்படி 0 முதல் 100 வரை மதிப்பெண் போட்டு, 30, 40 வாங்கியதில் தொடங்குங்கள். அதைச் செய்யும்போது பயத்தின் எண் பாதியாகும்வரை இடத்தைவிட்டு நகராதீர்கள். உச்சத்தில் எழுந்துபோனால் பழைய கூலியே கிடைக்கும். கைபேசியில் முகம் புதைத்து நின்றாலும் அப்படித்தான்.

சுவர்க்கோழி:
ஆளுக்கு முத்திரை குத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. களத்தில் சாகத் துணிபவர் பலர், அவையில் அஞ்சாதவர் சிலர் என்கிறது குறள் 723. ஒரே ஆள் ஓரிடத்தில் புலி, இன்னோரிடத்தில் எலி. முதல் உலகப் போரில் படையைவிட்டு ஓடியது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காக பிரிட்டிஷ் ராணுவம் சுட்டுக் கொன்ற 306 பேருக்கு 2006இல் மன்னிப்பு வழங்கினார்கள். அவர்களில் குண்டுவெடிப்புகளின் அதிர்ச்சியால் மனம் நொறுங்கியவர்களும் உண்டு. உறைந்து நிற்பது உடலின் அனிச்சை. அதில் முடிவெடுக்க ஆளே இல்லை.

நிழல்மரம்:
அரைவட்டம், எண் இறங்கவே மாட்டேன் என்றால்?

அரைவட்டம்:
படி உயரம் என்று அர்த்தம். 20 வாங்கியதற்கு இறங்கி, வாரத்தில் நாலைந்து முறை செய்யுங்கள். அதுவும் முடியாமல் அன்றாட வேலையே கெட்டால் மனநல மருத்துவரிடம் போவதுதான் சரி.