புதுப்பிப்பு: வெறும் வகனா, பாரம் ஏற்றிய வகனா?

நானுஓயா ரயில் நிலையத்தில் சரக்கு வண்டி தடம் மாறுவதைப் பார்த்துவிட்டு, பொயின்ட்டில், அதாவது வண்டி ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடத்தில், தடம்புரள வெறும் வகனுக்கா (சரக்குப் பெட்டி), பாரம் ஏற்றியதற்கா வாய்ப்பு அதிகம் என்று முன்பு கேட்டிருந்தேன். பாரம் ஏற்றியதற்குத்தான் என்றீர்கள் பலர். கணக்கு வேறு சொல்கிறது.

சில்லு பக்கவாட்டில் தள்ளும் விசையை, அது கீழே அழுத்தும் பாரத்தால் வகுக்க வேண்டும். 1908இல் நடால் என்ற பொறியியலாளர் தந்த சூத்திரப்படி, சில்லைப் பாதையில் பிடித்துவைக்கும் அதன் விளிம்பின் சாய்வு 70 பாகை, உராய்வுக் குணகம் 0.5 என்றால் அந்த விகிதத்தின் எல்லை ஏறத்தாழ 0.95. சாய்வு 60 பாகையானால் 0.66தான். அதைத் தாண்டினால் விளிம்பு தண்டவாளத்தில் ஏறத் தொடங்கலாம். வெறும் வகனில் கீழழுத்தம் குறைவு. அதனால் விகிதம் சட்டென்று கூடிவிடும்.

மழையைக் குறை சொன்ன தம்பிக்கு: ஈரம் உராய்வைக் குறைக்கும், ஏறுவதும் கடினமாகும். பிரேக் பிடிப்பது வேறு கதை. காய்ந்த வெயில் நாளும் புதிதாகக் கடைந்த, சொரசொரப்பான சில்லும் சேர்ந்து உராய்வு கூடினால்தான் எனக்குப் பயம்.

பாதையில் வேலை செய்த மாமா ஒருவர் நாக்குத் தண்டவாளத்தின் (பொயின்ட்டில் நகர்ந்து வண்டியைத் திருப்பும் கூரான தண்டவாளம்) நுனியைக் காட்டினார். மேல்விளிம்பு உடைந்து, ரம்பப் பல்லாக இருந்தது. அந்த நுனியை நோக்கி எதிர்முகமாக வரும் சில்லுக்கு அது ஏணிப்படி. நாக்கு, பக்கத்தில் உள்ள நகராத தண்டவாளத்தோடு ஒட்டாமல் இடைவெளி விட்டாலும் ஆபத்துதான்.

மெதுவாகப் போனால் போதாதா என்று கேட்ட அண்ணனுக்கு: போதாது. பாதை முறுகியிருந்தால் ஒரு சில்லின் பாரம் குறைந்து, ஊர்ந்து போகும்போதே ஏறிவிடும்.