ஆட்டோகேடில் ஹேட்ச் மட்டும் இருக்கிறது, பார்டர் லைனைத் திரும்ப எடுப்பது எப்படி?

கேள்வி:
வணக்கம். மனைப்பிரிவு வரைபடம் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. 46 மனை, ஒரு பூங்கா, நடுவில் ரோடு. இதற்கு முன்னால் வேலை பார்த்தவர் எல்லைக்கோடுகளை எல்லாம் அழித்துவிட்டு ஹேட்சை (எல்லைக்குள் நிரப்பிய சாய்கோடுகளை) மட்டும் விட்டு வைத்திருக்கிறார். ஒவ்வொரு மனைக்கும் பரப்பளவு எழுதி டேபிள் போட வேண்டும். மனை ஹேட்சில் எங்கே கிளிக் செய்தாலும் 46-ம் சேர்ந்தே செலெக்ட் ஆகிறது. நேற்றிலிருந்து ஆஸ்நாப் (மூலைப் புள்ளிகளைச் சரியாகப் பிடிக்கும் வசதி) போட்டு மேலேயே பாலிலைன் (ஒரே பொருளாகத் தொடரும் கோடு) வரைந்து கொண்டிருக்கிறேன், 9 மனைதான் முடிந்தது. ஹேட்சை எக்ஸ்ப்ளோட் செய்தால் (உடைத்துப் பிரித்தால்) வேலை சுலபமாகுமா?

பதில் 1:
எக்ஸ்ப்ளோட் மட்டும் செய்துவிடாதீர்கள். செய்தால் ஹேட்ச் என்ற பொருளே போய், உள்ளே இருக்கும் சாய்கோடுகள் மட்டும் உதிரியாக நிற்கும். ஹேட்ச் தன் எல்லையைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. வெளிக்கோட்டை அழித்தாலும் அது அப்படியே இருக்கும், நாம் கேட்டு வாங்க வேண்டியதுதான்.

முதலில் ஃபைலை ஒரு காப்பி எடுத்து வையுங்கள். லேஐசோ (LAYISO) கமாண்ட் கொடுத்து மனை ஹேட்சைத் தொட்டால் அந்த லேயர் (வரைபட அடுக்கு) மட்டும் நிற்கும், கரன்ட் லேயரும் அதுவே ஆகிவிடும். அப்புறம் ஹேட்சை செலெக்ட் செய்து ரைட் கிளிக், ‘ஜெனரேட் பவுண்டரி’. டைப் செய்வதானால் ஹேட்ச்ஜெனரேட்பவுண்டரி (HATCHGENERATEBOUNDARY), இடைவெளி இல்லாமல் ஒரே சொல். சுற்றிலும் பாலிலைன் வந்துவிடும். எல்லாம் ஒரே ஹேட்சாக இருக்கிறதே என்று கவலை வேண்டாம். மனை மனையாகக் கிளிக் செய்து போட்ட ஹேட்ச் என்றால் 46-ம் தனித்தனி பாலிலைனாகவே வரும்.

கேட்டவர்:
வந்துவிட்டது சார்! ஒரு நாள் முழுக்க வரைந்தது ஒரு நொடியில் வந்து நிற்கிறது. 12-ஆம் மனையை நான் கையால் வரைந்து 103.1 சதுர மீட்டர் எழுதி வைத்திருந்தேன். இப்போது வந்த கோட்டில் 103.5. 9-க்கு 12 மனை, மூலையில் 3-க்கு 3 சாய்வு, 108-இல் 4.5 போனால் 103.5 சரியாக வருகிறது. நான்தான் ஏதோ ஒரு மூலையில் தப்பாகப் பிடித்திருக்கிறேன்.

பாலிலைனை இழுத்தால் ஹேட்ச் கூடவே வரவில்லையே, ஏன்?

பதில் 2:
அந்த கமாண்ட் தரும் கோட்டுக்கும் ஹேட்சுக்கும் தொடர்பு கிடையாது தம்பி. இரண்டும் சேர்ந்தே நகர வேண்டுமானால் முன்னால் மைனஸ் குறி போட்டு ஹேட்ச்எடிட் (-HATCHEDIT) கொடுங்கள். ‘ரீகிரியேட் பவுண்டரி’ எடுத்தால் ரீஜனா (பரப்பாக ஒரு பொருள்) பாலிலைனா என்று கேட்கும், பாலிலைன் சொல்லுங்கள். அடுத்து புதிய பவுண்டரியோடு ஹேட்சை இணைக்கவா என்று கேட்கும். அங்கே எண்டர் தட்டினால் ‘நோ’ என்று போய்விடும், பலர் தவறவிடும் இடம் இதுதான். ‘யெஸ்’ கொடுக்க வேண்டும். இதில் ஒரு தடவைக்கு ஒரு ஹேட்ச்தான். மனை ஹேட்சையும் தனித்தனியாகப் பிரிக்க நினைத்தால் அதே கமாண்டில் ‘செபரேட் ஹேட்சஸ்’ இருக்கிறது.

கேட்டவர்:
நன்றி அண்ணா. பூங்காவில் ஒரு சந்தேகம். 20-க்கு 30 பூங்கா, 600 வர வேண்டும். ஹேட்சின் ப்ராப்பர்ட்டீஸில் 587.43 காட்டுகிறது. வந்த பாலிலைன்களைக் கூட்டினால் 612.57. எது சரி?

பதில் 1:
எத்தனை பாலிலைன் வந்தது என்று பாருங்கள். உள்ளே ஒரு வட்டம் இருக்குமே?

கேட்டவர்:
ஆமாம், பழைய கிணறு. விட்டம் 4 மீட்டர்.

பதில் 1:
அதுதான் 12.57. ஹேட்ச் கிணற்றை விட்டுவிட்டு அளக்கிறது. பவுண்டரி எடுக்கும்போது வெளிக்கோடு ஒன்று, உள்வட்டம் ஒன்று என இரண்டு வரும். நீங்கள் கழிக்க வேண்டியதைக் கூட்டிவிட்டீர்கள். கிணற்றோடு சேர்த்துப் பூங்கா என்றால் 600, கிணறு நீங்கலாக என்றால் 587.43. டேபிளில் எது வேண்டும் என்பதை வேலை கொடுத்தவரிடம் கேட்டு எழுதுங்கள், நாமாக முடிவு செய்யக் கூடாது.

கேட்டவர்:
சரி சார், கேட்டுவிடுகிறேன். கடைசியாக ரோடு. அதை முன்பே யாரோ எக்ஸ்ப்ளோட் செய்திருக்கிறார்கள். வெறும் கோடுகளாகக் கிடக்கிறது.

பதில் 2:
அதை ஹேட்சாகத் திரும்ப எடுக்க வழியில்லை. பழைய பேக்கப் ஃபைல் கிடைத்தால் பாருங்கள். இல்லாவிட்டால், மனையும் பூங்காவும் இப்போது கோடுகளாக இருக்கின்றன அல்லவா? மொத்த நிலத்தின் வெளிக்கோடும் இருந்தால் மிச்சம்தான் ரோடு. லேயர்களைத் திரும்பத் திறந்து, உதிரிக் கோடுகளின் லேயரை மட்டும் ஆஃப் செய்து, ரோடு ஊர்ச் சாலையைத் தொடும் வாயில் திறந்திருந்தால் ஒரு கோடு போட்டு மூடி, பவுண்டரி கமாண்டில் ரோட்டுக்குள் ஒரு புள்ளி கிளிக் செய்யுங்கள். நடுவில் தீவு போல நிற்கும் மனைத் தொகுதிகளுக்குத் தனிக்கோடு வரும். கிணறு மாதிரியேதான், அவற்றைக் கழித்துவிடுங்கள்.

கேட்டவர்:
ரோடும் கிடைத்தது. மனை, பூங்கா, ரோடு மூன்றையும் கூட்டினால் மொத்த நிலத்தின் பரப்போடு பொருந்துகிறது. கையால் வரைந்த அந்த 9 மனையையும் அழித்துவிட்டு, புதிதாக வந்த கோட்டிலிருந்தே டேபிள் போடுகிறேன்.