மெடிக்ளைம் நிராகரிப்பு: 5 வருடம் தாண்டிய பாலிசியில் "பிபியை மறைத்தீர்கள்" என்கிறார்கள்

கேள்வி:
அப்பாவின் பாலிசி 2020 மார்ச்சில் எடுத்தது, ஒரு வருடம்கூட விடாமல் புதுப்பித்திருக்கிறோம். முதலில் 3 லட்சம், 2022 மார்ச்சில் 5 லட்சமாக ஏற்றினோம். 2025 ஜூனில் ஸ்டென்ட் வைத்த பில் 3,80,000. "பத்து வருட பிபி, ப்ரொபோசலில் (பாலிசி எடுக்கும்போது தரும் விண்ணப்பம்) சொல்லவில்லை" என்று க்ளைமை நிராகரித்துவிட்டார்கள். ஃபார்மை நிரப்பியது ஏஜென்ட். ஒப்பந்த மீறல் என்று நேரே வழக்குப் போடலாமா?

பதில் 1:
வழக்கு இருக்கட்டும், முதலில் மாதங்களை எண்ணுங்கள். உங்களுக்கு 63 மாதம் ஆகிவிட்டது. தொடர்ந்து 60 மாதம் ஓடிய பாலிசியில் மோசடியை நிரூபித்தால் ஒழிய, "மறைத்தீர்கள்" என்று மறுக்க முடியாது. இதுதான் மொராட்டோரியம். முன்பு 8 வருடமாக இருந்ததை, காப்பீட்டுத் துறையைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐ 2024-ல் 5 ஆகக் குறைத்தது. பழைய பாலிசி புத்தகத்தில் 8 என்று இருந்தால் மிரள வேண்டாம்.

ஒரு சிக்கல் உண்டு. ஏற்றிய 2 லட்சத்துக்கு 60 மாதம் 2022-லிருந்துதான் ஓடும். ஆக 3 லட்சத்துக்கு உங்கள் பிடி உறுதி. மிச்சம் 80,000-க்கு வாதாட வேண்டும். புகாரில் இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

பதில் 2:
அந்த "பத்து வருடம்" பெரும்பாலும் அட்மிஷன் அன்று ட்யூட்டி டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதிய ஒற்றை வரியிலிருந்து வந்திருக்கும். அது தவறு என்றால், சிகிச்சை தந்த டாக்டரிடம் லெட்டர்ஹெட்டில் விளக்கம் வாங்குங்கள். கேஸ் ஷீட்டையே திருத்தச் சொல்லாதீர்கள், மோசடிக் குற்றச்சாட்டுக்கு நீங்களே வழிவிட்டதாகிவிடும். ப்ரொபோசல் நகலைக் கம்பெனியிடம் எழுதிக் கேளுங்கள். ஏஜென்ட் நிரப்பினார் என்ற வாதம், கீழே அப்பாவின் கையெழுத்து இருந்தால் அவ்வளவாக எடுபடாது.

கேட்டவர்:
நன்றி. ஓம்பட்ஸ்மேனா (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் அதிகாரி), நுகர்வோர் ஆணையமா?

பதில் 1:
ஓம்பட்ஸ்மேன் முதலில். ஆணையத்தில் வழக்கு நடக்கும்போது அவர் உங்கள் மனுவை எடுக்கமாட்டார். கம்பெனியின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் திருப்தி இல்லையென்றாலோ, 30 நாளில் பதிலே வராவிட்டாலோ ஒரு வருடத்துக்குள் மனு போடலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க முடியாது, 50 லட்சம் வரை விசாரிப்பார். அவர் உத்தரவு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். உங்களுக்குப் பிடிக்காவிட்டால் ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் அங்கே காலக்கெடு 2 வருடம், நிராகரிப்புத் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

மன உளைச்சலுக்கு நஷ்டஈடு வேண்டுமென்றால் ஆணையம்தான் சரியான இடம். கம்பெனி வேண்டுமென்றே இழுத்தடித்தது என்பதை அங்கே "சேவைக் குறைபாடு" என்ற தலைப்பில் எழுதுவார்கள். நிராகரிப்புக் கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள்: அதில் சொல்லாத புதுக் காரணத்தைக் கம்பெனி பிறகு கிளப்ப முடியாதென்று உச்ச நீதிமன்றம் 2019-ல் சொல்லியிருக்கிறது.

பதில் 3:
இடையில் புதுப்பிப்புத் தேதி வந்தால் கோபத்தில் விட்டுவிடாதீர்கள், சேர்த்து வைத்த மாதங்கள் போய்விடும். பாதிப் பணம் தருகிறோம் என்று வவுச்சர் நீட்டினால், "முழுத் தீர்வு" என்ற வரி இருக்கிறதா பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.